தெள்ளு போகாத வீடு

அத்தை தன் புருஷன் வீட்டை விட்டு வந்தபோது தலையில் ஒரு துணி மூட்டை இருந்தது. பின்னால் ஒரு செவலை நாய் வந்தது. நாயின் மேல் ஏறித் தெள்ளுப்பூச்சிகள் வந்தன. அத்தை மூட்டையை அவிழ்ப்பதற்குள் அவை எங்கள் வீட்டில் இறங்கிக் குடித்தனம் தொடங்கிவிட்டன.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. நாங்கள் இருந்தது பைல் நாட்டில். அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது தேவனூர் நாட்டில். எதற்காக வந்தாள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்கும் அதைக் கேட்க நேரமில்லை. சொறிந்துகொள்ளவே இரண்டு கை போதவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம் அது. நல்ல வெயில் அடித்திருந்தால் பாயையும் துணியையும் காயப்போட்டே பாதியை ஒழித்திருக்கலாம். மலையில் வெயில் என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது. போதாக்குறைக்கு, சாரலுக்குப் பயந்து வீட்டுக்குள் அடைத்த கோழிகளிடமிருந்து கோழிப்பேனும் கிளம்பியது. தெள்ளு காலைப் பார்த்துக்கொண்டது, பேன் கழுத்தைப் பார்த்துக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே சொறிந்து சொறிந்து எனக்குப் புண்ணாகிவிட்டது.

அம்மா நொச்சித் தழையைப் போட்டுப் புகை மூட்டினாள். நாங்கள் இருமினோம், பூச்சிகள் இருமவில்லை. தரை வெடிப்புகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். சாம்பலைத் தூவினாள். சாணியால் மெழுகினாள். மெழுகிய ஈரம் காய்வதற்குள் அந்த நாய் உள்ளே வந்து, நடுவீட்டில் உட்கார்ந்து, பின்னங்காலால் காதைச் சொறிந்து, மறுபடியும் விதைத்துவிட்டுப் போகும். சீமெண்ணெய் தெளித்தால் ஒரே நாளில் ஒழியும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். உலகச் சண்டை நடந்த காலம், விளக்குக்கே சீமெண்ணெய் இல்லை. அவரிடம் இருந்தால் கொடுக்கச் சொல்லி அம்மா கேட்டாள். அதன் பிறகு அவர் யோசனை சொல்ல வரவில்லை.

“ஏனுங்க, உங்க தங்கச்சி அந்த நாயைக் கட்டிப்போட மாட்டீங்கறா. இந்த ஊட்ல நான் இருக்கறதா, அந்த நாய் இருக்கறதா?” என்று அம்மா அப்பாவிடம் கத்துவாள்.

“பாக்கலாம்” என்பார் அப்பா. எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்த மருந்து அது ஒன்றுதான்.

அத்தை மட்டும் மெதுவாகச் சொல்வாள். “அது கூட வரலைன்னா நான் வழியிலயே உழுந்து கெடந்திருப்பேனுங்க, நங்கையா.” அண்ணன் மனைவியான என் அம்மாவை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

ஒருநாள் அம்மா ஓடைக்கரைச் சேற்றிலிருந்து வசம்புக் கிழங்கைத் தோண்டி வந்து அரைத்தாள். எனக்குப் பூசினாள். எரிச்சலில் நான் குதித்தேன். பிறகு அத்தையை உட்காரவைத்து, முதுகுச் சேலையை விலக்கினாள். அரைத்த விழுது கையில் இருக்க, பூசாமல் அப்படியே நின்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். அத்தையின் முதுகில் தடித்த கோடுகள் நீள நீளமாக இருந்தன.

“அம்மா, தெள்ளு இப்படியுமா கடிக்கும்?” என்று கேட்டேன்.

“போயி அடுப்பைப் பாரு, போ” என்றாள் அம்மா.

அடுப்பில் பார்க்க ஒன்றுமில்லை. வீணாக என்னை விரட்டினாள் என்று எனக்குக் கோபம். ஆனால் அன்று முழுவதும் அவள் நாயைத் திட்டவில்லை. சாயங்காலம் அப்பாவிடம், பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்ச் சுண்ணாம்பும் வேப்பம்பிண்ணாக்கும் வாங்கிவரச் சொன்னாள். அவர் மிளகு மூட்டையோடு இறங்கிப் போய் வாங்கி வந்தார். வீட்டையே காலிசெய்து சுத்தம் பண்ணுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் நானும் அத்தையும் இரண்டு பாய்களைக் கொதிநீரில் அலசி, அடுப்புச் சூட்டில் காயவைத்துச் சுருட்டினோம். நாய் படுத்துப் பாழாக்கிய கருப்புக் கம்பளியை மட்டும், மறுநாள் வேகவைக்கலாம் என்று மாட்டுக்கொட்டகையில் போட்டிருந்தோம்.

அன்றைக்கென்று பார்த்து மாமா வந்தார், அத்தையின் புருஷன். கூடவே அவருடைய அண்ணனும். மழையில் நனைந்து வந்தவர்களை அப்பா உள்ளே அழைத்தார்.

“ஊட்டுக்காரி கோவிச்சுக்கிட்டு வாறதெல்லாம் சகசந்தானுங்க, மச்சான். கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்தோம்” என்றார் மாமா.

அப்பா தலையைச் சொறிந்தார். “மழையா இருக்குது. ராத்திரி தங்குங்க. காலைல பாக்கலாம்” என்றார். அத்தை உள்ளே கேழ்வரகு திரித்துக்கொண்டிருந்தாள். திரிகைச் சத்தம் நின்றுபோனது.

நான் ஓடிப்போய்ச் சுத்தமான பாயை எடுத்தேன். அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கி உள்ளே எறிந்தாள். கொட்டகைக்குப் போனாள். அந்தக் கருப்புக் கம்பளியைக் கொண்டுவந்து இரண்டாக மடித்து விரித்தாள்.

“குளுருக்கு இதமா இருக்கும். உக்காருங்கண்ணா.”

“அம்மா, அது நாயோட…” என்று ஆரம்பித்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. உயிர் போனது.

அவர்கள் உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் மாமா ஒரு காலை மாற்றினார். பிறகு இன்னொரு காலை. அவர் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு இடுப்பைத் தடவினார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச வாய் எழவில்லை, கைதான் பேசியது. கடைசியில் மாமா துள்ளி எழுந்து வேட்டியை உதறினார்.

“இந்த ஊட்ல மனுசன் இருப்பானா?”

“என்னங்கண்ணா பண்றது? உங்க ஊட்டு நாய் கொண்டாந்ததுதானுங்க” என்றாள் அம்மா. “உங்க பொஞ்சாதி துணிமணியெல்லாம் இதேதானுங்க. தலையெல்லாம் இதே. இப்பவே கூட்டிக்கிட்டுப் போறீங்களா?”

அண்ணன்காரர் இரண்டடி பின்வாங்கினார். “வேண்டாஞ் சாமி. ஊட்டைச் சுத்தம் பண்ணுங்க. பூச்சியெல்லாம் போன பொறவு சொல்லியனுப்புங்க. அப்ப வாறோம்.”

“ஆகட்டுங்க. போன பொறவு சொல்றோம்.”

கொட்டுகிற மழையில் இருவரும் சொறிந்துகொண்டே இறங்கிப் போனார்கள். வந்த விருந்தாளியை இப்படியா நடத்துவது என்று நான் கூசிப்போனேன். அப்பா அம்மாவை வெகுநேரம் பார்த்தார். பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் விடியும்போதே வேலை தொடங்கியது. வீட்டிலிருந்த அத்தனையும் வெளியே வந்தன. கோழிகள் தோட்டத்துக் குடிசைக்குப் போயின. சுவரெல்லாம் சுண்ணாம்பு, தரையெல்லாம் வேப்பம்பிண்ணாக்குத் தண்ணீர். நாயை அத்தையே இழுத்துப்போய் ஓடையில் முக்கி, வசம்பு தேய்த்து, கொட்டகையில் கட்டினாள். தண்ணீர் சுமந்தே என் இடுப்பு ஒடிந்தது. ஆனால் கார்த்திகை பிறப்பதற்குள் எங்கள் வீட்டில் மருந்துக்குக்கூட ஒரு தெள்ளு இல்லை. என் கால் புண்களும் ஆறிவிட்டன.

தை மாதம் தேவனூர் நாட்டிலிருந்து மாமா அனுப்பிய ஓர் ஆள் வந்து வாசலிலேயே நின்று கேட்டார். “பூச்சியெல்லாம் போயிருச்சுங்களா?”

“எங்கீங்க போச்சு! முன்னையவிட இப்பத்தான் சாஸ்தி” என்றாள் அம்மா, வெள்ளை வெளேரென்ற சுவரில் சாய்ந்தபடி.

எனக்குப் பொறுக்கவில்லை. “பொய்யிங்க! ஒண்ணுகூட இல்லீங்க! நானே தண்ணி சொமந்தேன்!” என்று கத்தினேன்.

அம்மா என் வாயைப் பொத்தி உள்ளே தள்ளினாள். அத்தை என்னைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டு, இல்லாத பேனைப் பார்க்க ஆரம்பித்தாள். என்னை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவளுக்குக் குளிர்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த வீட்டை ஊரெல்லாம் கேவலப்படுத்துகிறாளே, இந்த அம்மாவுக்குக் கொஞ்சமாவது மானம் இருக்கிறதா என்று அன்று முழுவதும் புழுங்கிக்கொண்டே இருந்தேன்.