எதிர் வீட்டு லில்லி

அந்த லில்லி விரிந்தது ஒரு யுகாதி நாள் காலையில். முந்தின மாலை வரை தண்டின் உச்சியில் கூம்பி நின்ற மொட்டுகள் விடிவதற்குள் முழுதாகத் திறந்திருந்தன. வெள்ளை இதழ்கள், ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு மெல்லிய கோடு, உள்ளே ஆழத்தில் இளம்பச்சை. பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்த நான் மலைத்துப்போய் மனைவியைக் கூவி அழைத்தேன். மாமா ரப்பர் குழாயைப் பிடித்தபடி சற்றுத் தள்ளி நின்றிருந்தார். அவர் பூவைப் பார்க்கவில்லை, எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தை காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவர் வாடகைக்கு இருந்த வீட்டை இடித்து மாடிகள் எழுப்பப் போவதாக வீட்டுக்காரர் சொன்னபோது, அம்மா ஆம்பூரிலிருந்து எனக்குப் போன் செய்து, "உன் மாமன இட்டும்போய் உன்கூட வெச்சிக்கோடா" என்றாள். ஒரு பெட்டியோடும் சுருட்டிய பாயோடும் வைட்ஃபீல்டுக்கு வந்து சேர்ந்தார். மாடியறையில் கட்டில் போட்டுக் கொடுத்தேன். வேளாவேளைக்குச் சாப்பாடு, அவசரத்துக்குக் கொஞ்சம் கைச்செலவு. ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டின் முன்னால் இருந்த மண் துண்டு அதுவரை செங்கல் உடைசலும் சிமெண்ட் கட்டியுமாகத்தான் கிடந்தது. மாமா வந்த மழைக்காலத்தில் அதை ஒற்றை ஆளாகக் கொத்திச் சுத்தம் செய்தார். மாசி பிறந்ததும் பெட்டூனியா வேலியோரமாக வழிந்தது. டேலியாக்கள் சின்னத் தட்டு அளவுக்குப் பூத்தன. காலை நடைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் படம் எடுத்து அலுவலகத்தில் காட்டினேன். யாராவது பாராட்டினால், "வீக் எண்ட்ல கொஞ்சம் மெனக்கெடுறோம்" என்று சொன்னது கூட ஞாபகம் இருக்கிறது.

யுகாதி அன்று முற்பகலில் எதிர் வீட்டு அம்மா ஒப்பட்டுப் போளி எடுத்துக்கொண்டு வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். எங்கள் வீட்டில் அப்போது என்னோடு வேலை செய்பவர்கள் சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எல்லோரும் தோட்டத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அந்த அம்மா லில்லியின் முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அய்யோ, இது எங்க அம்மா வீட்டு லில்லி மாதிரியே இருக்கே! எங்க ஊர் சாகர்லேருந்து நான் கொண்டுவந்தது. இங்க வேற யார்கிட்டயும் பாத்ததில்ல. உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

அவர் குரலில் சந்தேகமே இல்லை, வியப்பு மட்டும்தான் இருந்தது. நானும் கள்ளமில்லாமல்தான் சொன்னேன், "மாமா நர்சரியில வாங்கியிருப்பார்."

"இல்லம்மா," என்றார் மாமா. "உங்க வூட்டுதுதான். வெளிய வெச்சிருந்த தொட்டியிலேருந்து ஒரு கெழங்கு எடுத்துட்டேன்."

அவர் கையிலிருந்த குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என் சக ஊழியர் ஒருவர் சட்டென்று தன் குழந்தையிடம் ஏதோ பேச ஆரம்பித்தார். எனக்குக் காது மடல்கள் எரிந்தன. எதிர் வீட்டு அம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டு சிரித்தார்.

"அதுக்கென்ன, கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே!"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "கேக்க வெக்கமா இருந்துச்சும்மா" என்றார்.

விருந்தினர்கள் போனபிறகு மாடிக்குப் போனேன். அவர் கட்டிலின் நுனியில், அடுத்தவர் வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தார். என்ன மாமா இப்படி மானத்தை வாங்கிட்டீங்க என்று குரலை உயர்த்தினேன். எங்கிட்ட சொல்லியிருந்தா கேட்டு வாங்கிக் குடுத்திருக்க மாட்டேனா என்றேன்.

"கேக்கலாம்னுதான் போனேன் தம்பி. அவங்க கேட்டாண்ட நின்னு கூப்ட்டேன். அந்தம்மா உள்ளேருந்தே 'மாலி பேடப்பா'ன்னுச்சு, தோட்டக்காரன் வேணாமாம். தோட்ட வேலை கேட்டு வந்தவன்னு நெனச்சிருச்சு. திரும்பி வந்துட்டேன்."

"இன்னார்னு சொல்லியிருக்கலாமே மாமா?"

"இன்னான்னு சொல்றது? எதிர் வூட்ல சோறு துன்றவன்னா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே என்னிடம் யோசனை கேட்பது போலத்தான் கேட்டார். என் மாமா என்று ஒரே சொல்லில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை என்றால், வரும்படி நான் அவரை வைத்திருக்கவில்லை. வந்தவர்களுக்கு அன்று தோட்டத்தைச் சுற்றிக் காட்டினேனே, குழாய் பிடித்து நின்றவரை யார் என்று ஒருவருக்கும் அறிமுகம் செய்யவில்லை. அதுவரை என் சக ஊழியர்களும் அவரைத் தோட்டக்காரர் என்றே நினைத்திருக்கலாம்.

மறுநாள் காலை பூவோடும் மண்ணோடும் லில்லியைத் தோண்டி எடுத்து, ஒரு பழைய பெயிண்ட் வாளியில் வைத்து, மாமா எதிர் வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்த அம்மா இரண்டு கைகளையும் ஆட்டி வேண்டாம் என்று மறுத்தார். மாமா வாளியைக் கேட்டுக்கு உள்ளே வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். பின்னாலேயே அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று என் மனைவியிடம், "அன்னிக்குக் கூப்பிட்டவர, வேலை கேட்டு வந்த உங்க தோட்டக்காரர்னு நெனச்சிட்டேன்மா, எனக்கு எப்படி மூஞ்சி காட்டுறதுன்னு தெரியல" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பிறகு பல முறை மாமாவைத் தன் வீட்டுக்குள் வரச் சொல்லிக் கூப்பிட்டார். மாமா அந்தப் பக்கமே நடப்பதை நிறுத்திவிட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தினார். ஏப்ரல் வெயிலில் பெட்டூனியாக்கள் கருகின.

மாமா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அந்த மண் துண்டில் இப்போது புல் போட்டிருக்கிறோம், பராமரிக்கச் சுலபம். எதிர் வீட்டில் பங்குனி வந்தால் வெள்ளை லில்லிகள் வரிசையாகப் பூக்கின்றன. காரை எடுக்கும்போது அந்த அம்மா எதிர்ப்பட்டால் நாங்கள் இருவரும் வெயிலைப் பற்றியோ மெட்ரோ கூட்டத்தைப் பற்றியோ பேசுகிறோம், பூக்களைப் பற்றிப் பேசுவதில்லை.

செடிகள் கருகிக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் நான் மாமாவுக்கு டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அதுவரை அவருக்கு நான் டீ எடுத்துப்போனதில்லை. எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். ஏதாவது வேண்டுமா மாமா, எதுவானாலும் கேளுங்கள் என்றேன். என் வீட்டுக்கு வந்த நாள் முதல் ஒரு தலைவலி மாத்திரை கூட அவர் என்னிடம் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்திருந்தது. டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"கேட்டா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க மாமா."

"கூட வேலை செஞ்சவன் வூட்டு மாடியில ஒரு ரூம் காலியா கீதாம். என்னை மர்பி டவுன்லயே கொண்டுபோய் வுட்டுடு தம்பி."

இங்கேயே இருங்கள் மாமா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்வேனா என்றுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார், அதுவும் எனக்குத் தெரிந்தது. "ஞாயித்துக்கிழமை வண்டி எடுக்கிறேன்" என்றேன்.