பெருநாள் கறியும் என் ஊசியும்

சுவரோடு குதிகாலையும் முதுகையும் ஒட்டி நின்றால் யாருக்கும் பின்தலை சுவரில் படும். எனக்குப் படாது. நான்கு விரல் இடைவெளி இருக்கும். ஸ்ரீரங்கத்தில் நான் பார்க்கும் மூட்டுவாத டாக்டரின் கிளினிக்கில், அங்குள்ள சிஸ்டர் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியை ஸ்கேல் வைத்து அளப்பார். "இன்னும் கொஞ்சம் பின்னாடி வாங்க, இன்னும் கொஞ்சம்" என்பார். என்னவோ நான் வேண்டுமென்றே தலையைப் பிடித்து வைத்திருப்பது போல. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வியாதி முதுகெலும்பைப் பிடிக்கும் வாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே அடிக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அப்படியே விட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி முதுகு ஒரே மூங்கிலாகிவிடுமாம். இதைக் கண்டுபிடிக்க ஏழு வருஷம் ஆனது. முதலில் வாயு என்றார்கள், பிறகு டிஸ்க் என்றார்கள். பெல்ட் கட்டினேன், எண்ணெய் தேய்த்தேன், பலகையில் படுத்தேன். ஒருநாள் கண் சிவந்து வெளிச்சம் கூசியது. கண் டாக்டர் சொட்டு மருந்தை எழுதிக்கொண்டே, "காலைல எந்திரிக்கும்போது முதுகு இறுக்கிப் பிடிக்குமா?" என்று கேட்டார். கண்ணைக் காட்டப் போன இடத்தில் முதுகுக்கு விடை கிடைத்தது.

இந்த வியாதிக்கு ஒரு வக்கிரம் உண்டு. ஓய்வெடுத்தால் கூடும், நடந்தால் குறையும். இதை ஒருவருக்கும் புரியவைக்க முடியாது. "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு மொத்த ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் மெத்தையில் சம்மணம் போட்டுச் சேலையை விரிப்பார்கள். நான் கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே வியாபாரம் பேசுவேன். புதிதாக வரும் வியாபாரிகள், திருட்டைப் பிடிக்க வைத்த ஆள் என்று நினைத்து என்னை முறைப்பார்கள். ஸ்ரீரங்கம் பஸ்ஸிலும் நின்றபடிதான் போவேன். "சீட்டு காலியாத்தானே கிடக்கு, உட்காருங்க பாய்" என்று கண்டக்டர் ஒருமுறை சொன்னார். "நிக்கிறதுக்குத் தனி டிக்கெட்டா?" என்று கேட்டேன். பாவம், அவர் நல்லெண்ணத்தில் சொன்னவர்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். நாற்காலியைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் பள்ளிவாசலில் வரிசையின் ஓரத்தில் ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கும், குனிந்து நெற்றியைத் தரையில் வைக்க முடியாதவர்களுக்காக. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். முப்பத்தெட்டு வயதில் நானும் அவர்களோடு போய் உட்கார்ந்தேன். சஜ்தாவுக்குப் பள்ளியே ஒன்றாகத் தரையில் சாயும்போது, நான் மட்டும் மேலே இருந்து எல்லார் முதுகையும் பார்ப்பேன். முடியாதவனுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, தெரியும். ஆனாலும் வெட்கமாக இருந்தது. "சிகிச்சையில உங்களுக்கு முக்கியமா என்ன செய்ய முடியணும்?" என்று டாக்டர் கேட்டபோது, "என் நெற்றி தரையில படணும் டாக்டர். வேற எதுவும் வேணாம்" என்றேன். அவர் சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டார்.

மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியதுதான் மிச்சம். பிறகு ஊசிக்கு எழுதினார். பதினைந்து நாளுக்கு ஒன்று, நானே தொடையில் போட்டுக்கொள்ள வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தில் அது கிடைக்க எக்ஸ்ரே, காசநோய் டெஸ்ட், கடிதம், கையெழுத்து என்று நான்கு மாதம் அலைந்தேன். மாதத்துக்கு இரண்டு ஊசி கையில் தருவார்கள். முதல் நாள் சிஸ்டர் சொன்னார்: "ஃப்ரிட்ஜ்ல கீழ்த் தட்டுல வைங்க. சூடு பட்டா மருந்து கெட்டுரும். ஃப்ரீஸர்லயும் வச்சிறக் கூடாது, உறைஞ்சாலும் வீண்தான்." நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அம்மா, மனைவி, நான் என்று வீட்டில் மூன்றே பேர். இந்த ஊசிக்காகவே பழைய ஃப்ரிட்ஜைத் தள்ளிவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கினோம். வாங்கிய நாளிலிருந்து நான் அதற்குக் காவல்காரன். "கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு என்ன யோசனை? சூடு பட்டா மருந்து செத்துரும்!" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கத்தினேன். என் மனைவி தயிர் எடுக்கப் போனாலும் கத்தல். அம்மா ஒன்றை எடுப்பதற்கு முன், மூடிய கதவின் முன்னால் நின்று எது எங்கே இருக்கிறது என்று யோசித்துவிட்டுத்தான் திறப்பார்.

ஊசி வேலை செய்தது. மூன்றாவது மாதம் ஒரு காலையில் கட்டில் கம்பியைப் பிடிக்காமல் புரண்டு படுத்தேன். அதை உணரவே எனக்குச் சற்று நேரம் ஆனது. அந்த வாரம் விடிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் போய், நாற்காலிகளைத் தாண்டி வரிசையில் நின்றேன். நெற்றி தரையில் பட்டதும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் என்ன நினைத்தாரோ, தொழுகை முடிந்து என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனார். அடுத்து வந்த ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையையும் தரையில்தான் தொழுதேன்.

பெருநாள் அன்று எங்கள் வீட்டில் ஆடு அறுத்த குர்பானிக் கறியோடு தங்கை வீட்டுக் கறியும் எங்கள் ஃப்ரிட்ஜுக்கு வந்தது. பெரிய ஃப்ரிட்ஜ் ஆயிற்றே. வீட்டுக்கு, சொந்தங்களுக்கு, இல்லாதவர்களுக்கு என்று மூன்று பங்காகப் பிரித்த கறிப் பைகள் தட்டுத் தட்டாக அடைந்துகிடந்தன. மூன்று நாளும் ஆட்கள் வருவதும் போவதுமாக, அந்தக் கதவு மூடிய நேரத்தைவிடத் திறந்த நேரம் அதிகம். நான் பங்கு கொடுக்க மன்னார்புரம் பக்கமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஊசி போட வேண்டிய நாள். கீழ்த் தட்டில் ஊசி இல்லை. அம்மாவைக் கேட்டேன்.

"பத்திரமா இருக்குப்பா" என்றார் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக. "கதவைத் தொறந்து தொறந்து மூடுறாங்களா, சூடு ஏறி மருந்து செத்துருமேன்னு பயமாப் போச்சு. மேல ஐஸ் அறையில ஒரு ஓரத்தை ஒழிச்சு, கறி படாம நல்ல துணியில சுத்தி வச்சிருக்கேன்."

இரண்டு ஊசியும் வெள்ளைத் துணிக்குள் கல்லாக உறைந்திருந்தன. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அன்று நான் பேசியதையெல்லாம் எழுத முடியாது. "உங்களாலதான் நான் திரும்ப நாற்காலிக்குப் போகப் போறேன்" என்று கத்தியது நினைவிருக்கிறது. அதோடும் விடவில்லை. சிஸ்டருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நடந்த சேதம் எவ்வளவு பெரியது என்று அம்மா காதால் கேட்க வேண்டும் என்பதற்காகவே வைத்தேன்.

"உறைஞ்சிருந்தாப் போடவே போடாதீங்க. இளகி, பார்க்கத் தெளிவா இருந்தாலும் வேணாம். அடுத்த மருந்து வந்ததும் சொல்றேன்" என்றார் சிஸ்டர். பிறகு கேட்டார்: "ஃப்ரீஸர்ல வைக்கக் கூடாதுன்னு வீட்ல எல்லார்ட்டயும் சொல்லியிருந்தீங்கல்ல?"

"சொல்லியிருந்தேன் சிஸ்டர்" என்றேன்.

சொல்லவில்லை. சூட்டைப் பற்றி ஆயிரம் தடவை சொன்னேன். உறைவதைப் பற்றி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சிஸ்டர் சொன்ன இரண்டில் ஒன்றைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் எதையோ தேடுவது போல நின்றார். பிறகு என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "அவன் சொல்லியிருப்பான்மா. எனக்குத்தான் மறந்து போச்சு."

அன்று மாலை மனைவி என்னைத் தனியாகப் பிடித்தாள். "என்னங்க, என்கிட்டகூட நீங்க சொல்லலையே" என்றாள். "பேசாம உன் வேலையைப் பாரு" என்றேன்.

புதிய மருந்து வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் முதுகு பழைய இறுக்கத்துக்குப் போய்விட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நாற்காலி வரிசைக்குப் போனபோது, பக்கத்திலிருந்த பெரியவர் இடம் ஒதுக்கிக் கொடுத்து, "என்ன தம்பி, திரும்ப நம்ம கட்சிக்கே வந்துட்டீங்களா?" என்றார். எனக்கு அவரைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, கடைசிக் காலத்தில் நினைவு தப்பி, பெற்ற மகனையே "நீங்க யாரு?" என்று கேட்டவர். அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது அம்மாதான். இப்போது அம்மா கேஸை அணைத்துவிட்டுத் திரும்பவும் போய்ப் பார்த்தார். சொந்தக்காரர்களின் ஃபோன் நம்பர்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஞாபக சக்திக்கு நல்லது என்று வாரத்தில் நான்கு நாள் வல்லாரைக் கீரை வாங்கிவரச் சொன்னார். வல்லாரைத் துவையல், வல்லாரைக் கூட்டு. ஃப்ரிட்ஜைத் தொடவே மாட்டார், தண்ணீர் வேண்டுமென்றாலும் மருமகளைக் கூப்பிடுவார். நானும் அந்தத் துவையலைப் பிசைந்து தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு எழுந்தேன்.

உண்மையை ஏன் சொல்லவில்லை? சொன்னால் அத்தனை கத்தலும் என் மேலேயே திரும்பும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் சோறு போட்டு மூட வேண்டியதாயிற்று. ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காவிரிப் பாலத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். முதுகுக்காக நடக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். அதுவும் பாதிப் பொய்.

மருந்து வந்தது. இந்த முறை பிடிக்க நாளானது, நான்காவது ஊசிக்குப் பிறகுதான் குனிய முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் வரிசையில் நின்றேன். நெற்றி தரையில் பட்டது. நான் டாக்டரிடம் கேட்ட ஒரே விஷயம் கிடைத்துவிட்டது. ஓத வேண்டியது வாயில் வரவில்லை. அம்மா நம்பர்களை முணுமுணுக்கிற சத்தம்தான் காதில் ஓடியது. இமாம் எழுந்த பிறகும் நான் எழ ஒரு நொடி பிந்தினேன்.

தொழுகை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஃப்ரீஸர்ல வைக்கக் கூடாதுன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. சிஸ்டர்கிட்ட பொய் சொன்னேன்."

அடுப்பை அணைத்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"ஒரு தடவைகூடச் சொல்லலையா?"

"இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சத்தியமா சொல்லலம்மா."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்போ எனக்கு மறதி வரலையாப்பா?" என்று கேட்டார்.