நாலு கெஜம் துணி, ஒரு சிட்டிகை மஞ்சள்

எங்கள் அபார்ட்மென்டில் பால்கனியில் துணி காயப் போடக் கூடாது. நியூ ஜெர்சியில் இந்தப் பிளெய்ன்ஸ்பரோவில் இதே மாதிரி வளாகங்கள் வரிசையாக இருக்கின்றன, எல்லாவற்றிலும் இதே சட்டம்தான். பூந்தொட்டி வைக்கலாம், இரண்டு நாற்காலி போடலாம், பனி அள்ளும் மண்வெட்டியைக்கூட வருடம் முழுக்கச் சாத்தி வைக்கலாம். ஈரத் துண்டு மட்டும் ஆகாது.

அப்படியானால் இங்கே தமிழர் வீட்டுத் துணியெல்லாம் எங்கே காய்கிறது? டிரெட்மில்லில். நான் போன வீடுகளில் பாதியில் டிரெட்மில் இருக்கிறது, அதில் ஓடுகிற ஒரு மனிதரை இதுவரை பார்த்ததில்லை. கைப்பிடியில் வேட்டி, அதன் மேல் சுடிதார், குளியலறைக் கம்பியில் பிள்ளையின் யூனிஃபார்ம், சாப்பாட்டு நாற்காலியின் முதுகில் உள்பாவாடை. டிரையரில் போட்டால் சுருங்கிவிடும் என்று எல்லோருக்கும் ஒரு பயம். விருந்தாளி காலிங் பெல் அடித்ததும் அத்தனையையும் வாரிக்கொண்டுபோய்ப் படுக்கையறையில் கொட்டிக் கதவைச் சாத்துவோம்.

இதைத்தான் நான் துணியில் அச்சிடும் டிசைனாக வரைந்தேன்.

மகள் நாலாம் வகுப்புக்குப் போனதும், மன்ஹாட்டனில் ஒரு கல்லூரியில் டெக்ஸ்டைல் டிசைன் இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்தேன். வயது முப்பத்தெட்டு. முதல் நாள் ஒரு பெண் என்னிடம் வந்து, அட்டென்டன்ஸ் எடுத்துவிட்டீர்களா என்று பவ்யமாகக் கேட்டாள். நானும் உன்னோடு படிக்கிறவள்தான் அம்மா தாயே என்று சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தை கிடைக்காமல் சிரித்து வைத்தேன்.

என் கணவருக்கு ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை. காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இருவரும் ஒரே ரயில் ஏறுவோம். அவர் நியூவார்க்கில் இறங்கி மாறிக்கொள்வார், நான் நேரே போவேன். பிளாட்பாரத்தில் தெரிந்தவர் யாராவது கேட்டால், “வைஃப் டிராயிங் கிளாஸ் போறாங்க” என்பார். டிராயிங் கிளாஸ்! மகள் கம்யூனிட்டி சென்டரில் கிரேயான் பிடித்ததும் டிராயிங் கிளாஸ், நான் ராத்தூக்கம் கெட்டுப் படிப்பதும் டிராயிங் கிளாஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “டெக்ஸ்டைல் டிசைன்னு சொல்ல வாய் வலிக்குதா?” என்று கேட்டால், “அதைத்தானே சொன்னேன்” என்பார்.

கெட்டவர் இல்லை. பயந்தவர். கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்கிற மனிதர், தபால் பெட்டியில் வருகிற ஒவ்வொரு கவரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். ஒருமுறை நான் பால்கனி நாற்காலியில் ஒரு துண்டை மறந்துவிட்டதற்கு, வளாகத்தை நிர்வகிக்கிற லீசிங் ஆபீஸ் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். “ஃபைல்ல ஏறிடும்ப்பா” என்றார். எந்த ஃபைலில், யார் அதைப் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். கடிதத்தைப் பாஸ்போர்ட் இருக்கிற டிராயரில் வைத்துப் பூட்டினார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். புதுத்துணி எதுவானாலும் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் உடுத்தமாட்டார். அவுட்லெட் மாலில் தள்ளுபடியில் வாங்கின ஆபீஸ் சட்டைக்கும் காலருக்கு உள்ளே ஒரு பொட்டு மஞ்சள் இருக்கும். பனிக்கோட்டுக்குக்கூட வைத்தார். கோவிலுக்கு மாசத்துக்கு ஒருமுறை போனால் அதிகம், ஆனால் இதை மட்டும் விட்டதில்லை. நானும் மகளும் சேர்ந்து நிறையக் கிண்டல் செய்திருக்கிறோம்.

வகுப்புக்கு வருகிறேன். அச்சு டிசைனில் படம் வரைவது பாதி வேலைகூட இல்லை. ஒரு சதுரத்துக்குள் வரைந்ததை மேலும் கீழும் பக்கத்திலும் அடுக்கிக்கொண்டே போனால் ஒட்டு தெரியாமல் ஓட வேண்டும். அதற்கு ரிப்பீட் என்று பெயர். என் டிரெட்மில்களை அடுக்கினால், தொங்குகிற வேட்டிகளின் கரையெல்லாம் ஒன்று சேர்ந்து துணியின் குறுக்கே ஒரு பச்சைக் கோடாக ஓடும். மாற்றினால் நாற்காலிக் கால்கள் வரிசை கட்டி நிற்கும். ஒரு செமஸ்டர் முழுக்க இந்த மாரடிப்புத்தான்.

டிரெட்மில்லுக்கு வந்ததே ஒரு வீம்பில்தான். நான் இந்தியப் பெண் என்பதால் மாங்காயும் மயிலும் வரைவேன் என்று வகுப்பே காத்திருந்தது. முதலில் நானும் மாங்காய்தான் வரைந்தேன். “பியூட்டிஃபுல்” என்றார்கள், அவ்வளவுதான், அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள். என் வீட்டில் ஏது மயில்? டிரெட்மில்தானே இருக்கிறது? வெளிர் நீலத் தரையில், கறுப்புக் கோட்டில் டிரெட்மில், மேலே ஆரஞ்சும் பச்சையுமாகத் துணிகள். அதைச் சுவரில் மாட்டின அன்று எங்கள் பேராசிரியை, எப்போதும் கறுப்பு மட்டுமே உடுத்துகிற ஒல்லியான பெண்மணி, கிட்டே வந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இரண்டாம் வருடக் கடைசியில் ஃபேஷன் ஷோ. எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பேர், மேடைக்குப் போவது எட்டு டிசைன். ஒவ்வொருவரும் தன் டிசைனைப் பருத்தித் துணியில் அச்சிட்டு, யாரையாவது வைத்து ஒரு உடை தைத்து, திங்கட்கிழமை நடுவர்கள் முன் வைக்க வேண்டும். அச்சு மெஷினில் ஆளுக்கு ஒரே முறை, நாலு கெஜம். கெட்டுப்போனால் கெட்டுப்போனதுதான். இந்த எட்டில் வந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. வந்துவிட்டால் அப்புறம் டிராயிங் கிளாஸ் என்று யார் சொல்கிறார்கள் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அச்சிட்டு, சாயம் நிற்பதற்காக ஆவியில் வேகவைத்து, அலசி, இஸ்திரி போட்டது. சாப்பாட்டு மேஜையில் விரித்துக் காட்டினேன். மகள், “அம்மா, தட்ஸ் அவர் டிரெட்மில்!” என்று குதித்தாள். அவர் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். “நல்லா இருக்கு” என்றார். அவ்வளவுதான். நான் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். மடித்து மேஜையிலேயே வைத்துவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பினால், மேஜையில் துணிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் மஞ்சள் தண்ணீர்.

துணியை உதறி விரித்தேன். மடிப்பின் ஓரத்தைத் துணியின் ஓரம் என்று நினைத்து ஒரு பொட்டுத்தான் வைத்திருக்கிறார். ஆனால் மஞ்சளை ரசம் மாதிரிக் கரைத்து, மடித்த துணியின் மேல் வைத்திருக்கிறார். அது எட்டு மடிப்பும் ஊறி இறங்கியிருந்தது. நாலு கெஜத்திலும் சம இடைவெளியில், நட்ட நடுவே, எட்டு மஞ்சள் வட்டம். நான் இரண்டு வருடம் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட ரிப்பீட்டை மனிதர் ஒரே விரலில் போட்டுவிட்டார்.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் மகள் நீச்சல் பையோடு அறைக்குள் ஓடிவிட்டாள்.

“புதுத்துணி இல்ல...” என்றார்.

“இது உங்க அவுட்லெட் சட்டையா? இனிமே பிரின்ட் பண்ண முடியாதுங்க! திங்கக்கிழமை ஜூரி!”

“நீயே பண்ணின மொதத் துணி. சும்மா அப்படியே வெட்டக் கூடாதுன்னு தோணுச்சு. ஓரத்துலதான் வெச்சேன்.”

அந்த வார்த்தை எனக்குக் கேட்காமல் இல்லை. ஆனால் கோபம் இறங்கவில்லை, இறக்க எனக்கு மனமும் இல்லை. “டிராயிங் கிளாஸ்தானே, போனாப் போகுதுன்னு நினைச்சிட்டீங்க” என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அது எனக்கு உறுத்துகிறது.

அதோடு நின்றேனா? துணியைக் குளியலறைக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள், ஆரத்தித் தட்டுத் தண்ணீர் மாதிரி ரத்தச் சிவப்பாக மாறியது. எட்டு இடத்திலும். அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அந்த நேரத்தில்தான் என் தோழி கத்திரிக்கோலோடு வந்தாள். அடுத்த பிளாக்கில் இருக்கிறாள், என் வயதுதான், மதுரைக்காரி. இந்த வட்டாரத்துப் பிளவுஸெல்லாம் அவள் வீட்டில்தான் தைக்கப்படுகிறது. என் துணியை வெட்டி உடை தைக்கப்போவதும் அவள்தான். உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்தாள்.

“மஞ்சள்ல சோப்புப் போட்டியாக்கும்? டெக்ஸ்டைல் படிக்கிறாளாம் டெக்ஸ்டைல்! எந்திரிடி.”

சிவப்பு இருந்த இடத்திலெல்லாம் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். நிறம் மறுபடி மஞ்சளுக்கு இறங்கியது. தண்ணீரில் அலசிப் பிழிந்தாள். “இனி வெயில்ல போடு. மஞ்சளுக்கு வெயில்தான் எமன். எத்தனை பட்டு பிளவுஸ்ல பாத்திருக்கேன். உன் கலர் நிக்குமா?”

“வேகவெச்ச கலர். ரெண்டு நாள் வெயிலுக்கு ஒண்ணும் ஆகாது.”

“அப்ப நாளைக்கு மத்தியானம் வரைக்கும் காயட்டும். போகலைன்னா பாப்போம்.”

வெயில் எங்கே இருக்கிறது? பால்கனியில். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே மாட்டலாமா என்று கேட்டேன். அப்படிப் போட்டால் ஒரு வாரம் ஆகும் என்றாள். நான் கணவரைப் பார்க்காமலே, “வேண்டாம், லெட்டர் வரும்” என்றேன்.

அவர் அலமாரியைத் திறந்து, ஊருக்குப் போகும்போது பெட்டி கட்டுகிற நைலான் கயிற்றை எடுத்தார். பால்கனியின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு இழுத்துக் கட்டினார். துண்டு கிடந்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போன அதே மனிதர், நாலு கெஜம் துணியை ஊரறியத் தொங்கவிட்டார்.

அன்று முழுக்க அவர் உள்ளே வரவில்லை. வெயில் நகர நகரத் துணியையும் நகர்த்திக்கொண்டிருந்தார். மேகம் வந்தால் அண்ணாந்து பார்ப்பார். சாப்பாட்டைத் தட்டில் போட்டு வெளியே கொடுத்தேன், பேசாமல்தான். வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் என்னைவிட முன்னால் எழுந்து கொடி கட்டிவிட்டார்.

பத்து மணிவாக்கில் லீசிங் ஆபீஸின் கோல்ஃப் வண்டி கீழே வந்து நின்றது. நான் சமையலறையில் இருந்தேன். ஒரு பெண் குரல், “சார், நோ லாண்ட்ரி ஆன் த பால்கனி, ப்ளீஸ்” என்றது. அடுப்பை அணைத்துவிட்டுப் பால்கனி வாசல் வரை போனேன். இதோ கழற்றப்போகிறார் என்று நினைத்தேன்.

“திஸ் இஸ் நாட் லாண்ட்ரி” என்றார் அவர். எட்டித் துணியைப் பிடித்துக்கொண்டார். “மை வைஃப்ஸ் டிசைன். ஷீ இஸ் எ டெக்ஸ்டைல் டிசைனர். இட் நீட்ஸ் சன். ஒன்லி டில் ஒன் ஓ கிளாக்.”

நான் வலைக்கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இவ்வளவுக்கும் நான் வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை.

“இட்ஸ் வெரி நைஸ், சார்” என்றாள் அந்தப் பெண். “பட் ஐ ஸ்டில் ஹாவ் டு ரிப்போர்ட் இட்.” போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டு போனாள்.

வெளியே போய் அவர் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. “காப்பி போடட்டுமா?” என்றேன். “போடு” என்றார். எங்கள் வீட்டில் சமாதானம் அப்படித்தான்.

ஒரு மணிக்கு ஏழு வட்டம் போயே போய்விட்டது. எட்டாவது மட்டும், உற்றுப் பார்த்தால் தெரியும் அளவுக்கு மிஞ்சியிருந்தது. தோழி அதைக் காலரின் உள்பக்கத்துக்கு வருகிற மாதிரி வெட்டினாள். “உன் வீட்டுக்காரர் சட்டைக்கு வைக்கிற இடம்தானே” என்றாள். திங்கட்கிழமை உடை நடுவர்கள் முன் போனது. செவ்வாய்க்கிழமை வகுப்பறைக் கதவில் ஒட்டின பட்டியலில் எட்டில் ஒன்றாக என் டிசைன் இருந்தது. அவருக்கு மெசேஜ் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. பால் வாங்கி வரச் சொன்னாலும் அதே கட்டைவிரல்தான்.

வியாழக்கிழமை தபாலில் கவர் வந்தது. லீசிங் ஆபீஸ். இரண்டாவது எச்சரிக்கை. நடுவில் அந்தப் பெண் எடுத்த படத்தைக் கலரில் அச்சிட்டிருந்தார்கள். காலை வெயிலில், கொடி முழுக்க என் டிரெட்மில்கள். ஓரத்தில் அவர் ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

வேலையிலிருந்து வந்ததும் நின்றபடியே படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகப் போய் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டினார்.

“அப்பா, திஸ் இஸ் எ வயலேஷன் லெட்டர்!” என்றாள் மகள்.

“தெரியும் கண்ணு” என்றார். ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தார். “அம்மா டிசைன் எவ்ளோ கிளியரா விழுந்திருக்கு பாரு.”