சட்டைப் பையில் இருந்த பஞ்சு

நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைக்கிறார். ரத்தம் எடுப்பதற்காகக் கையை நீட்டி உட்கார்ந்திருப்பவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஊசிக்குப் பயம் என்றுதான் நாமும் நினைக்கிறோம். கேமரா கொஞ்சம் கிட்டே போகும்போதுதான் தெரிகிறது, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். குடியை விட்டு, மறுவாழ்வு மையத்திலிருந்து வந்து பதினொரு நாள் ஆன மனிதன், அந்த வாசம் மூக்கில் ஏறிவிடக் கூடாதென்று மூச்சுவிடாமல் இருக்கிறான். நர்ஸ் அவனை ஒரு தடவை பார்க்கிறார். பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டுச் சோப்புத் தண்ணீர் எடுத்துவரப் போகிறார். அவ்வளவுதான் காட்சி. இசை இல்லை, அழுகை இல்லை. மதியம் இரண்டு மணி மறுஒளிபரப்பில், மடியில் சாப்பாட்டுத் தட்டோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், என் சித்தப்பாவின் சட்டைப் பையில் ஈரமாக ஒரு பஞ்சு இருந்தது.

பிடிபட்டதும் தட்டு நழுவியது, நெஞ்சு படபடத்தது என்றெல்லாம் எழுதினால் பொய். ஒன்றும் ஆகவில்லை. மோர்சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். கை கழுவினேன். குழாயை மூடிய பிறகும் அங்கேயே நின்றிருந்தேன் போல. "என்னடி, குழாயவே பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று அம்மா கேட்டபோதுதான் நகர்ந்தேன்.

எனக்கு இப்படி ஆவது வழக்கமில்லை. நல்ல காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டால் நாலு தோழிகளுக்கு நாலு விதமாக வாய்ஸ் மெசேஜ் போடுகிறவள் நான். இந்தத் தொடரைப் பற்றியும் முதல் வாரத்திலேயே எழுதத் தொடங்கியிருந்தேன். குடியிலிருந்து மீளும் ஒருவனின் கதை என்றதும் என்ன எதிர்பார்ப்போம்? சாக்கடை ஓரம் விழுந்து கிடப்பான், பிள்ளை அழும், கடைசி வாரத்தில் திருந்துவான். இதில் அவன் குடிக்கிற காட்சியே கிடையாது. மறுவாழ்வு மையத்தின் கேட்டைத் தாண்டி அவன் வெளியே வருவதில் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில், குடிக்காமல் இருப்பது மட்டும்தான் கதை. ஒரு பகுதி முழுக்க அவன் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடக்கிறான். கடை இருக்கிற தெருவில் கால் வைக்காமல் மூன்று தெரு சுற்றி நடக்கிறான். வேர்த்து விறுவிறுத்து வந்தவனிடம் மனைவி "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்கிறாள். அவன் வாயைத் திறப்பதில்லை. கடையைச் சுற்றிக்கொண்டு வந்தேன் என்றால், அப்படியானால் கடையை நினைத்திருக்கிறாய் என்று ஆகிவிடும். இதை எழுதியவருக்கு எங்கள் வீட்டைப் பற்றி யார் சொன்னது என்று அன்றைக்கு டிவியைப் பார்த்தே கேட்டேன்.

அந்த மனைவியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கணவனின் சட்டைகளைத் துவைக்க எடுத்துப்போய், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக மோந்து பார்க்கிறாள். அவளைக் கொடுமைக்காரியாகவும் காட்டவில்லை, தியாகியாகவும் காட்டவில்லை. மோந்து முடித்ததும் பவுடர் போட்டு ஊறவைக்கிறாள், அடுத்த வேலைக்குப் போகிறாள். நான் அந்த இடத்தில் கைதட்டினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த சித்தப்பா தட்டவில்லை.

"சட்டையில எல்லாம் கண்டுபிடிக்க முடியாது பாப்பா. வாயிலதான் பிடிக்கணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்தவர். விசிலை வாயில் வைக்காமலே விசில் சத்தம் எழுப்பத் தெரிந்தவர். அந்த வேலை போய் வெகுநாளாகிறது. இப்போது மறுவாழ்வு மையத்திலிருந்து வந்து ஐந்து மாதம். எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறார். காலையில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் பேட்மிண்டன் மட்டைகளுக்கு நரம்பு கட்டுகிறார். முதல் மாதம் கை நடுங்கி, நரம்பு துளையில் நுழையாமல் முதலாளியிடம் பேச்சு வாங்கினார். இப்போது நுழைகிறது. மதியச் சாப்பாட்டுக்கு வந்து, என்னோடு தொடரைப் பார்த்துவிட்டு, நாலு மணிக்குத் திரும்பவும் கடைக்குப் போகிறார். சித்தி அவரோடு இல்லை. வடமதுரையில், தன் அம்மா வீட்டில், மகனோடு இருக்கிறார். அங்கே ஒரு துவக்கப் பள்ளியில் டீச்சர். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் எனக்குப் போன் செய்தார்.

"அஞ்சு மாசம்னு உங்கப்பா சொல்றாரு. சாமியார் சொல்றாரு. சென்டர்ல சொல்றாங்க. எனக்கு யார் பேச்சும் வேணாம். நீ சொல்லு. இந்த வாரத்துக்குள்ள பக்கத்துல போயி நல்லாப் பாத்துட்டுச் சொல்லு. சுத்தம்னு நீ சொன்னா, அடுத்த ஞாயித்துக்கெழம பயலக் கூட்டிக்கிட்டு வாரேன். உன் மூக்க மட்டுந்தான்டி நான் நம்புவேன்."

இருபத்து மூன்று வயதில் மறுபடியும் எனக்குப் பழைய உத்தியோகம் வந்து சேர்ந்தது.

அந்த உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நாங்கள் கீழே, சித்தப்பா குடும்பம் மாடியில், சமையல் ஒன்றாக. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் சித்தப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் சித்தி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்: "பாப்பா, சித்தப்பா வந்துட்டாரு பாரு. ஓடிப்போயி முத்தம் வாங்கிட்டு வா." நான் ஓடுவேன். சித்தப்பா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குனிவார். கன்னத்தில் முத்தம் வாங்கும்போது மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். அதைச் சித்தி எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு நாள் தற்செயலாக "சித்தப்பா மேல நாறுது" என்று சொன்னேன், அன்றிலிருந்து வேலை என்னுடையதாகிவிட்டது. அடுப்படிக்குத் திரும்பி வந்து தலையை ஆட்டுவேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினால் இல்லை. மேலும் கீழும் ஆட்டினால் ஆமாம். எது சொன்னாலும் சித்தி உள்ளங்கையில் ஒரு பிடி பொட்டுக்கடலையும் சர்க்கரையும் வைப்பார். "என்ன இன்ஸ்பெக்டரம்மா, இன்னைக்கு ரிப்போர்ட் என்ன?" என்று அப்பா கேலி செய்வார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். பெரியவர்கள் எல்லோரையும்விட எனக்கு ஏதோ அதிகம் தெரியும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சித்தப்பாவுக்கு இது தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஒரு முறை சித்தப்பா குடியை விட்டார். மாதாவுக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, பைபிள் மேல் கை வைத்துச் சொன்னார். நாலு மாதம் என் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமே ஆடியது. சித்தி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்தார். பிறகு அவருடைய பள்ளியில் விளையாட்டு விழா வந்தது. அன்று சாயங்காலம் சித்தப்பா முகமெல்லாம் புழுதியோடு, தொண்டை கட்டிப்போய் வந்தார். குனிந்தார். மூச்சை இழுத்தேன். சட்டைப் பை என் மூக்குக்கு நேராக இருந்தது. பை நனைந்திருந்தது. உள்ளே பஞ்சு துருத்திக்கொண்டிருந்தது. அதிலிருந்து அந்த வாசம், காரமாக, குளிர்ச்சியாக வந்தது. வாயிலிருந்து வந்ததா, பையிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பஞ்சு கண்ணில் பட்டது, ஆனால் நான் கண்ணுக்காக நியமிக்கப்பட்டவள் இல்லை. அடுப்படிக்குப் போய்த் தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.

சித்தி அடுப்பை அணைத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பொட்டுக்கடலை கொடுக்க மறந்துவிட்டார். அது மட்டும்தான் அன்றைக்கு எனக்குக் குறையாக இருந்தது. இரண்டு வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பையோடு, இருட்டுவதற்குள் வடமதுரை பஸ் ஏறினார். சித்தப்பா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். தடுக்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை. மறுநாள் குடித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு என்னை யாரும் ஓடச் சொல்லவில்லை. தெருமுனையிலேயே தெரிந்துவிடும் நிலைக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை பஞ்சுக் காட்சி. வியாழக்கிழமை, விளம்பர இடைவேளையில் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"சித்தப்பா, சித்தி போனாங்கள்ல, அன்னைக்கு ஸ்போர்ட்ஸ் டேயில யாருக்கும் அடிபட்டுச்சா?"

அவர் டிவியில் ஓடிய சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஹர்டில்ஸ்ல ஒரு பய விழுந்து முட்டி பேந்துருச்சு. ஸ்பிரிட்ட ஊத்தித் தொடச்சேன். கையெல்லாம் அதான். ரத்தப் பஞ்சக் கிரவுண்டுல போட முடியுமா, பிள்ளைக மிதிக்கும்ல. பைல வச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா? நான் மோந்து பாக்குறது?"

"முத்தம் வாங்க வந்த பிள்ள எங்கயாச்சும் மூச்ச இழுக்குமா? மொத வாரமே தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல? பஞ்ச எடுத்துக் காட்டியிருந்தா சித்தி போயிருக்க மாட்டாங்கள்ல?"

"காட்டியிருக்கலாம். சென்டர்ல இதத்தான் எழுதச் சொன்னாங்க. எழுதும்போதுதான் தெரிஞ்சுச்சு. உன்னயப் பொய்க்காரி ஆக்கக் கூடாதுன்னு பேசாம இருந்தேன்னு இத்தன வருசமா நானே நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதெல்லாம் இல்ல பாப்பா. எனக்குக் குடிக்க ஒரு சாக்கு வேணும். நாலு மாசமாத் தேடிக்கிட்டு இருந்தேன். நீ குடுத்த. நீ குடுக்கலைன்னா, பஸ்ஸு லேட்டா வந்தாக்கூடப் போதும், அது குடுத்துருக்கும்."

விளம்பரம் முடிந்து தொடர் வந்தது. இரண்டு பேரும் பார்த்தோம். அதில் அவன் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். நன்றாக எடுத்திருந்தார்கள். எனக்குத்தான் எதுவும் ஏறவில்லை.

"உங்க சித்தி கேட்டாளா? மோந்து சொல்லச் சொல்லி?"

"ம்."

"அதான பாத்தேன். என்ன சொன்ன?"

"இன்னும் சொல்லல."

"சரி, மோந்துக்க" என்று சொல்லி, நாற்காலியிலிருந்து என் பக்கம் சாய்ந்து கன்னத்தைக் காட்டினார். கேலியாகத்தான் செய்தார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டார். ஐம்பது வயதாகப்போகிறது. தாடியில் பாதி வெள்ளை. குனியும் விதம் மட்டும் அதே மாதிரி இருந்தது. நான் மோந்து பார்க்கவில்லை. தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்துபோனேன். திரும்பி வரும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளாக இதை நினைத்து எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்க்கிறேன். வரவில்லை. அந்தத் தொடரின் மனைவியும் அழுவதில்லை. அழாததால்தான் அவளை எனக்குப் பிடித்தது, எவ்வளவு நுட்பமான நடிப்பு என்று எழுதி வைத்திருந்தேன். அது நுட்பம் இல்லை, மரத்துப்போன இடம் என்று இப்போது தெரிகிறது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்குமே, அப்படி. தொடரை எடுத்தவர்களைப் பாராட்ட என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஒரு பஞ்சை ஒரு நொடி காட்டினார்கள். வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

இன்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு சின்ன பாட்டில் ஸ்பிரிட்டும் ஒரு சுருள் பஞ்சும் வாங்கினேன். கடைக்காரர், "எங்கயும் அடிபட்டுச்சாம்மா?" என்று கேட்டார். "இல்லண்ணே, ஒருத்தருக்குக் காட்டணும்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் பஞ்சை நனைத்து என் சுடிதார் பையில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். துணியில் பட்டது சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. பஞ்சில் ஊறியது வெகுநேரம் நிற்கிறது. அம்மா தாண்டிப் போகும்போது நின்று, மூக்கைச் சுளித்து, முதலில் மாடிப் படியைத்தான் பார்த்தார்.

நாளை சனிக்கிழமை. காலையில் வடமதுரை பஸ் ஏறப்போகிறேன். போனில் சொன்னால் சித்தி நம்ப மாட்டார். சித்தப்பாவுக்காகப் பரிந்து பேசுகிறேன் என்றுதான் நினைப்பார். இன்றைக்கு அவர் சுத்தமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அந்த வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லப்போகிறேன். சித்தியே வந்து, சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தன் மூக்கையோ கண்ணையோ நம்பட்டும், இல்லை நம்பாமலே போகட்டும். சித்தப்பா அப்போது குடிக்காமல் இருந்த நாலு மாதத்தில் அந்தக் கடைசி ஒரு நாளை மட்டும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு உரிமை இல்லை.

சித்தி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன் பஞ்சை நனைத்துப் பையில் வைத்துக்கொள்வேன். சித்தி வந்து என்னை எப்போதும்போல் கட்டிப்பிடிப்பார். ஒரு நொடி அப்படியே நிற்பார் என்று நினைக்கிறேன். அந்த ஒரு நொடியில் அவர் என்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தாலும் வரட்டும். அதற்குப் பிறகு பையில் கையை விட்டுப் பஞ்சை வெளியே எடுப்பேன்.