அவிழ்ந்து கிடந்த படங்கு

என் அறைச் சுவரில் ஒரு கயிறு தொங்குகிறது. மூன்று முழம் இருக்கும். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் சேலை நனையாமலிருக்க இடுப்பைச் சுற்றி ஒரு சாக்கைக் கட்டிக்கொள்வார்கள். அதற்குப் படங்கு என்று பெயர். என் அத்தையின் படங்கைக் கட்டிய கயிறு இது. சாக்கு எப்போதோ இற்றுப்போனது, கயிறு மட்டும் மிச்சம்.

எழுபதுகளில் இலங்கையில் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நானும் அத்தையும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில் இருந்தோம். அத்தை என் அப்பாவின் அக்கா. பிள்ளையில்லாத விதவை. என் வீட்டார் எல்லாரும் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, அத்தையைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நான் நின்றுவிட்டேன். தியாகமெல்லாம் ஒன்றுமில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும், அவ்வளவுதான். அவர்கள் போன பிறகு அந்த அறை பெரிதாகிவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

அத்தையின் விரல்மூட்டுகள் இஞ்சிக்கிழங்கு போலப் புடைத்திருந்தன. விடியற்காலைக் குளிரில் கை இரண்டும் மூடிக்கொண்டுவிடும். கேத்தலில் வெந்நீர் போட்டுச் சட்டியில் ஊற்றி, உப்பும் நொச்சி இலையும் சேர்த்து, அதில் அவர் கைகளை வைத்து ஒவ்வொரு விரலாக நீவிவிடுவேன். பசறையில் ஒரு சிங்கள வெதமாத்தயா, நாட்டு வைத்தியர், கொடுத்த எண்ணெயும் உண்டு. அதன் வாடை நாள் முழுக்க என் சோற்றிலும் இருக்கும். கடைசியாகப் படங்கு. முடிச்சுப் போட அவருக்கு விரல் வராது. கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பார், நான் கட்டிவிடுவேன். "இறுக்கிக் கட்டு புள்ள, நான் என்ன மகாராணியா, இடுப்பு நோகும்னு பயப்பட?" என்பார்.

மலையில் அவருக்கு அடுத்த நிரை என்னுடையது. கங்காணி திரும்பும் நேரம் பார்த்து, என் கைப்பிடிக் கொழுந்தை அவர் கூடையில் போட்டுவிடுவேன். நிறுவையில் அத்தையின் கூடை ஒருநாளும் குறைந்ததில்லை. இரண்டு வருடம் இப்படி ஓட்டினோம். என் சாமர்த்தியத்தில் எனக்குப் பெருமை வேறு.

அப்போதுதான் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை காலியானது. தாய்மார் மலைக்குப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. வெயில் மழை இல்லை, அடுப்புக் கதகதப்பு உண்டு. அது கிடைக்காவிட்டால் கை ஒருநாள் முற்றாக நின்றுவிடும், செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பெயரை வெட்டிவிடுவார்கள். மலை வேலைக்குக் கை ஆகாதென்று எழுதி வாங்க அத்தையைத் தோட்டத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையைக் கேட்டார். "இவங்க கொழுந்து ஒரு நாளும் கொறஞ்சதில்லைங்க ஐயா. குளிருக்குக் கை வெறைக்குது, வேறென்ன?" என்றார் அவர். டாக்டர் ஒரு போத்தல் தைலம் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் இருவருக்கும் வேலை போகும். அந்த நோவை யாரும் நம்பாமல் பண்ணியவள் நான்தான்.

வரும் வழியில் அத்தை எனக்கு முன்னால் நடந்தார். லயம் தெரிந்ததும் நின்றார்.

"புள்ள, நாளையிலருந்து என் கூடையில ஒரு கொழுந்து போடாத. பக்கத்து நெரையிலகூட நிக்காத."

"ஏசுவாங்களே அத்தை."

"ஏசட்டும். எனக்கு நோவுன்னு அவங்க கண்ணால பாக்க வேணாமா?"

மறுநாள் வெந்நீர் மட்டும் வைக்க விட்டார். படங்கைக் கட்ட விடவில்லை. சாக்கை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கயிறு மண்ணில் இழுபட, பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்துவிடும் வரிசையில் போய் நின்றார். மூன்று வாரம் அப்படியே. கூடையின் அடி தெரியும் கொழுந்தோடு நிறுவைக்கு வருவார். "தூங்கவா வந்த?" என்று கங்காணி எல்லார் முன்னாலும் கத்துவார். நான் நாலு நிரை தள்ளி நின்றேன். என் கூடை முன்னைவிடச் சீக்கிரம் நிரம்பியது. அதைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. உதவி செய்யாமல் நிற்பது அவ்வளவு கஷ்டமென்று எனக்கு முன்பு தெரியாது.

மூன்றாம் வாரக் கடைசியில் கணக்கப்பிள்ளையே டாக்டரிடம் போய்ச் சொன்னார், ஆயா வேலை கிடைத்தது. பிள்ளைக் காம்பராவில் தொட்டில் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு ஆட்டுவார். "கை போனா என்ன, காலு இருக்குல்ல" என்று சிரிப்பார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதன் பிறகு மலைக்கு நான் தனியே போனேன். காலையில் கட்டிவிட ஒரு படங்கு இல்லை. அவர் இறந்தபோது நான் எடுத்துக்கொண்டது அந்தச் சாக்கும் கயிறும்தான்.

இப்போது பதுளையில் இருக்கிறேன். கணவர் இல்லை, மகள் வெளிநாட்டில். அந்த நோவு என் கைக்கு வந்திருக்கிறது. மகள் தொலைபேசியில் கேட்டால், ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்கிறேன். இன்று காலை என்ன நினைத்தேனோ, கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். விரல் வரவில்லை. கயிறு காலடியில் விழுந்தது. அவிழ்ந்த படங்கோடு போய் நிற்க அத்தைக்கு ஒரு பெரட்டுக் களம் இருந்தது, ஏசுவதற்காவது ஒரு கங்காணி இருந்தார். நான் கதவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கயிற்றைப் பொறுக்கி ஆணியில் மாட்டினேன். மாட்டுவதற்கே வெகுநேரம் ஆயிற்று.