எரிமலைத் தீவில் டில்லித் தமிழ்

தபால் பெட்டிகளில் எழுதியிருக்கும் பெயர்களை வாசித்துக்கொண்டே நடக்கும் பழக்கம் எனக்கு டில்லியில் கிடையாது. முனிர்காவில் எங்கள் அடுக்ககத்துப் பெட்டிகளில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் குழாய் ரிப்பேர்காரரின் செல்பேசி எண்தான் ஒட்டியிருக்கும். ரெயூனியன் தீவில் இறங்கிய மறுநாள் காலை, மகள் குடியிருந்த தெருவில் ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். பிரெஞ்சு எழுத்தில் ‘வைத்திலிங்கொம்’ என்றிருந்தது. அடுத்த வீடு ‘மூத்தூசாமி’. அதற்கும் அடுத்தது ‘காதெர்வேல்’. எங்கள் தென்காசி ரேஷன் கடை வரிசையை யாரோ பாரிஸுக்கு அனுப்பி, வேறு எழுத்துக்கூட்டி வாங்கி வந்த மாதிரி இருந்தது. முதல் வீட்டு வேலிக்கு உள்ளே எழுபது வயதை ஒட்டிய ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் அதே முகம், அதே மீசை. எனக்குப் பரவசம். “வணக்கம் ஐயா! எந்த ஊருக்காரங்க நீங்க?” என்றேன். அவர் திகைத்தார். நான் பெட்டியில் இருந்த பெயரைத் தொட்டு, பிறகு அவரைச் சுட்டிக்காட்டி, கையை விரித்தேன். அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு கொத்து லிச்சிப் பழம் ஒடித்துக்கொண்டு வந்து, நான் விரித்த கையிலேயே வைத்து, “பொன்ழூர் மதாம்” என்றார். ஊரைக் கேட்டேன், பழம் கிடைத்தது.

முப்பது வருஷமாக மத்திய அரசுக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கிற நான் இந்தத் தீவுக்குப் போனதற்குக் காரணம் என் மகள் நிவேதா. டில்லியில் பிறந்தவள். தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்கும் ஒரு வருட வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. பிரெஞ்சு தெரிந்ததால் கிடைத்த வேலை. அந்தப் பிரெஞ்சு வந்த கதையையும் சொல்லிவிடவேண்டும். சின்ன வயதில் அவளை மந்திர் மார்க்கில் இருக்கும் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கலாம் என்று என் கணவர் சங்கரன் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். “தமிழ் எங்கே போகுது, வீட்டிலேயே வந்துரும். பிரெஞ்சு எடுத்தா மார்க்காவது வரும்” என்றேன். பிரெஞ்சு வந்தது, மார்க்கும் வந்தது. தமிழ் சமையலறை வாசல்வரைக்கும் வந்து, சாப்பாடு, குளியல், திட்டு என்ற மூன்று விஷயங்களோடு நின்றுவிட்டது.

இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸுக்குப் பக்கத்தில், பிரான்ஸ் வைத்துக்கொண்டிருக்கும் தீவு இது. கடலுக்குள்ளிருந்து எரிமலை கக்கிக் கக்கி எழுந்த தரை. மேற்கே வெள்ளை மணல் கடற்கரை. ஆனால் சுறா வரும், குளிக்காதே என்று பலகை. நடுவே சிலாவோஸ் என்ற மலைக்கிண்ணம். அங்கே ஏறும் பாதையில் நானூறு வளைவாம், இருபதோடு நான் எண்ணுவதை விட்டு வாந்தி எடுக்க ஆரம்பித்தேன். கிழக்கே சலாஸி, நிமிர்ந்த பக்கமெல்லாம் அருவி. நான் குற்றாலத்துப் பக்கத்துக்காரி என்பதால் அருவியைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தேன். இத்தனை அருவி இருந்தும் ஒருவர்கூட எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கவில்லை! என் கணவரோ பொதுத்துறை நிறுவனத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; எதையும் ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரிதான் பார்ப்பார். இருட்டு பிரியும் முன்னே எழுந்து, குளிரில் நடுங்கி, மேகத்துக்கு மேலே ஏறி, எரிமலையின் விளிம்பில் போய் நின்றோம். கீழே சாம்பல் நிறத்தில் பரந்த வெளி, நடுவில் சாதுவாக ஒரு குன்று.

“இதுதானா?” என்றார். “புகையக் காணோமே?”

“இப்ப தூங்குதுப்பா. எப்ப வேணா எந்திரிக்கும்” என்றாள் நிவேதா.

“காஜிப்பூர் குப்பை மலையில இதைவிட நல்லா புகை வருமே. மெட்ரோவிலேயே போயிருக்கலாம்” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. எரிமலை இல்லாத ஊரில் மூச்சு முட்டுகிறவர்கள் நாங்கள், எரிமலை வாயில் நின்று சுத்தமான காற்றை வாங்கிக்கொண்டிருந்தோம்.

தீவில் தமிழ் வம்சாவளியினரை ‘மலபார்’ என்கிறார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய அவர்களுடைய முன்னோரில் எத்தனை பேர் மலபாரைப் பார்த்திருப்பார்களோ தெரியாது. சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. சென்னையில் மொத்தமாக ஒரு வாரம்கூட இருந்திராத என்னை டில்லி முப்பது வருஷமாக ‘மதராசி’ என்றுதான் கூப்பிடுகிறது.

எரிமலைக்குப் போய்வந்த மறுநாள் மாலை நிவேதா எங்களைக் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு கூடத்துக்கு அழைத்துப் போனாள். தமிழ் வகுப்பு. பன்னிரண்டு பேர், பாதிப் பேருக்கு நரைத்த தலை. முதல் பெஞ்சில் லிச்சி கொடுத்த வைத்திலிங்கொம். அவருக்குப் பக்கத்து இடத்தில் போய், பையிலிருந்து நான்கு கோட்டு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என் மகள். ஆறு மாதமாகப் படிக்கிறாளாம். எங்களிடம் சொல்லவில்லை. வைத்திலிங்கொம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாகத் தீ மிதிக்கிறார். “நெருப்பில் இறங்கும்போது பாடுவதற்கு என்ன பொருள் என்று சாவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும்” என்று அவர் சொன்னதை நிவேதா எனக்கு மொழிபெயர்த்தாள். பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நிஜத் தமிழச்சி வந்திருக்கிறார், ஒரு வாக்கியம் பேசினால் எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். பன்னிரண்டு பேனா தயாராக நின்றது. அமைச்சகக் கூட்டத்தில்கூட எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. கெத்தாக எழுந்தேன்.

“அச்சா, நீங்க எல்லாரும் ரொம்ப நல்லாப் படிக்கிறீங்க. ஜல்தி பேச வந்துரும்.”

எழுதினார்கள். ‘அச்சா’வுக்கு ச் உண்டா என்று ஒருவர் சந்தேகம் கேட்டார். நிவேதா என் காதருகே குனிந்தாள். “மம்மி, அதுல ரெண்டு வார்த்தை ஹிந்தி.” அதையே வகுப்புக்கும் சொன்னாள். எல்லோரும் அந்த இரண்டு வார்த்தையையும் கோடு போட்டு அடித்தார்கள், வைத்திலிங்கொம் மட்டும் அடிக்கவில்லை. ஓரத்தில் எதையோ சேர்த்து எழுதி, என்னிடம் பெருமையாகக் காட்டினார். கோணல் எழுத்தில், ‘டில்லித் தமிழ்’.

கடைசி நாள் கிழக்குக் கரைக்குப் போனோம். எரிமலைக் குழம்பு மலையிலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து, கடலில் விழுந்து இறுகிக் கிடக்கும் இடம். எந்த வருஷத்துக் குழம்பு என்று சாலையோரம் பலகை வைத்திருக்கிறார்கள். கறுத்து முறுக்கிய பாறையில் ஒரு முழத்துக்கு ஒன்றாகப் பெரணி முளைத்திருந்தது. இந்தத் தரை என் மகளைவிட இளையது. என் கணவர் படம் எடுக்கப் போனதும் நிவேதா சொன்னாள்:

“மம்மி, இன்னொரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் என் வாய் கிண்டலில்தான் இறங்கும். “தமிழ் படிக்கத்தான் எட்டாயிரம் மைல் தாண்டி வந்தியோ? டில்லியில படிக்கக் கூடாதா?”

“தூரத்தைக் கூட்டாதே. டில்லியில யாரு கேட்டா? இங்கே எல்லாரும் கேக்குறாங்க. நீ தமிழாமே, ஏதாவது சொல்லேன்னு. அங்கே இட்லி, சாம்பார்னு கிளாஸ்ல கத்துவாங்க. நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? பஸ்ல தமிழ்ல பேசாதே, எல்லாரும் பாக்குறாங்கன்னு.”

நான் சொல்லியிருந்தேன். ஒரு முறை அல்ல. அவளுக்கு அப்போது ஆறு வயது. சத்தமாக ஏதோ தமிழ்ப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள், நான் அவள் வாயைப் பொத்தினேன். அந்தக் கை என்னுடையதுதான். “உனக்கு இங்கே சந்தோஷமா இருக்கா?” என்று மட்டும் கேட்டேன். “இருக்கு மம்மி” என்றாள். பிறகு, “அம்மா” என்று திருத்திக்கொண்டாள். அந்தத் திருத்தம்தான் எனக்குத் தாங்கவில்லை.

விமான நிலையத்தில் அவளுடைய கனத்த கோட்டை என் கையில் திணித்தாள். “எனக்கு இங்கே வேண்டியிருக்காது, நீ போட்டுக்கோ.”

டில்லியில் இறங்கியபோது காலை பத்து மணி. பனிமூட்டத்தில் சூரியனைக் காணவில்லை. அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு டாக்ஸியில் ஏறினேன். எங்கள் பேச்சைச் சிறிது நேரம் கேட்ட டிரைவர், டில்லியைச் சுற்றிப் பார்க்க வந்தீர்களா, வீடு எங்கே என்று ஹிந்தியில் கேட்டார். என் கணவர் “முனிர்கா” என்றார். அதே நொடியில் நான் “தென்காசி” என்றேன். டிரைவர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே சவாரிதானே?”

“ஒரே சவாரிதான் பையா” என்றார் என் கணவர். நான் குளிருக்குக் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். விரலில் வழவழப்பாக ஏதோ தட்டியது. நிவேதாவின் டில்லி மெட்ரோ அட்டை. வெளியே எடுக்காமல், முனிர்கா வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.