கோட்டைமேட்டுக்குத் தெரியாமல் குளத்துக்கு

சைனுதீன் ராவுத்தருக்குப் பொய் சொல்ல வராது. அவர் யோசித்துத் திட்டம் போட்டுச் சொன்ன ஒரே பொய்க்கு நானும் கூட்டு. அதனால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. வெட்கமும் இருக்கிறது.

பாலக்காட்டுச் சித்தூர் கடைவீதியில் அவருடைய கயிற்றுக்கடையும் என்னுடைய தையல்கடையும் ஒரே சுவரில் ஒட்டியிருந்தன. கிணற்றுக் கயிறு, மூக்கணாங்கயிறு, மரமேறிகளுக்கான கயிறு எல்லாம் அவரிடம் கிடைக்கும். கள் இறக்குகிறவர்கள் கயிறு வாங்க வந்தால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். கயிற்றைப் பற்றி அல்ல. உச்சியில் இருந்து பார்த்த கூடுகள், எந்த வயலில் எந்தக் கொக்கு இறங்கியிருக்கிறது, எந்தக் குஞ்சுக்கு இறகு முளைத்துவிட்டது என்பதைப் பற்றி. புதிதாக ஒரு பறவையை யாராவது சொல்லிவிட்டால் போதும், ராவுத்தர் கல்லாவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடிவிடுவார். கல்லாவுக்குக் காவல் நான். கடைவீதியில் அவருக்குக் ‘கொக்கு ராவுத்தர்’ என்று பெயர். அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரே மகள் கௌலத். பார்த்ததையெல்லாம் அவர் வீட்டுக்கு வந்து சொல்லும்போது உட்கார்ந்து கேட்க இருந்த ஒரே ஆள் அவள்தான். மனைவி சௌதாவுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. ஐம்பத்தேழாம் வருஷம் ஆவணியில் கௌலத்தைக் கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் கட்டிக் கொடுத்தார். சம்பந்தி மஜீத் ராவுத்தருக்கு அரிசி மண்டி. நல்ல குடும்பம்தான், ஆனால் மரியாதை பார்க்கிற குடும்பம்.

கார்த்திகையில் முதல் சீர் கொண்டு போனார்கள். பஸ் குனியமுத்தூர் தாண்டிப் பெரியகுளத்துக் கரையோரம் போனபோது ராவுத்தர் ஜன்னலில் பார்த்துவிட்டார். தண்ணீர் நடுவே சாம்பலும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய பறவைகள். அலகுக்குக் கீழே பை தொங்குகிறது. மனிதர் எழுந்தே நின்றுவிட்டாராம். “உக்காருங்க, அல்வாத் தட்டு சாயுது” என்று சௌதா சட்டையைப் பிடித்து இழுத்தாளாம். அன்று முழுக்கச் சம்பந்தி வீட்டில் அடுக்கடுக்காக வந்ததைச் சாப்பிட்டு, பேச வேண்டியதைப் பேசி, இருட்டுவதற்குள் பஸ் ஏறியாயிற்று. குளம் அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இருந்தும் போக முடியவில்லை.

மறுநாள் கடையைத் திறந்ததும் திறக்காததுமாக என்னிடம் வந்தார்.

“ஆறுச்சாமி, கூழைக்கடாப்பா! நம்ம பக்கம் எறங்கவே எறங்காது. தை மாசம் கழிஞ்சா அங்கிருந்தும் போயிருமாம்.”

“அப்பப் போய்ப் பாத்துட்டு வாங்க.”

“எப்படிப் போறது? கோயமுத்தூர் மண்ணை மிதிச்சா மக ஊட்டுக்குப் போவோணும். மக ஊட்டுக்குப் போனாச் சீரோட போவோணும். சீரோட போனாக் குளத்துக்கு எங்கிருந்து போறது?”

சங்கடம் அதுதான். முதல் வருஷத்தில் பெண் வீட்டார் கையை வீசிக்கொண்டு போய் நிற்க முடியாது. ஊருக்குள் வந்துவிட்டு வாசலை மிதிக்காமல் திரும்புவது அதைவிட மோசம். தெரிந்தால் ராவுத்தரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், கௌலத்தைத்தான் கேட்பார்கள். “உங்க அத்தா வந்துட்டு உன்னைப் பாக்காமப் போயிட்டாராமே” என்ற பேச்சுக்குப் புது மருமகள் அடுப்படியில் நின்று பதில் சொல்ல வேண்டும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துமா அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், ஆசை கண்ணை மறைத்துவிட்டது என்பதைத் தவிர என்னிடம் வேறு சமாதானம் இல்லை.

மார்கழிக் கடைசியில் பத்து நாள் உட்கார்ந்து திட்டம் போட்டோம். ஒரு கல்யாணத்துக்குக்கூட நாங்கள் அவ்வளவு யோசித்ததில்லை. சௌதாவிடம் பொள்ளாச்சிக்குக் கயிறு எடுக்கப் போவதாகச் சொல்வது. விடியற்காலை வேலந்தாவளம் வழியாகப் போகிற பஸ். ஊருக்குள் போகாமல் குனியமுத்தூரிலேயே இறங்கி, வயல் வரப்பில் நடந்து, குளத்தின் பின்பக்கக் கரைக்குப் போவது. வெள்ளைச் சட்டை பறவைக்கும் கண்ணில் படும், சம்பந்திக்கும் கண்ணில் படும் என்று காக்கித் துணியில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். சாப்பாடு என் வீட்டுத் தயிர்ச்சோறு. சம்பந்தி பகலில் மண்டியை விட்டு நகர மாட்டார், மாப்பிள்ளையும் கூடவே இருப்பார். மூன்று மணிக்குத் திரும்பினால் ஒரு குருவிக்கும் தெரியாது. நாள், வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் ராவுத்தர் கடைக்கு விடுமுறை.

தை இரண்டாவது வெள்ளி, வெயில் ஏறுவதற்குள் கரையில் இருந்தோம். இருபது வருஷப் பழக்கத்தில் அவரை அப்படி ஒரு சந்தோஷத்தில் நான் கண்டதில்லை. கூழைக்கடாக்கள் வரிசை கட்டி நீந்திவந்து, சொல்லிவைத்தாற்போல எல்லாம் ஒன்றாகத் தலையை முக்கி மீனை அள்ளின. ராவுத்தர் நாணலுக்குள் குத்த வைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் என் தொடையில் அறைந்தார். மூன்று நாள் வலித்தது. பசி, தாகம் எதுவும் அவருக்கு இல்லை. தயிர்ச்சோற்றை நான் மட்டும் சாப்பிட்டேன்.

உச்சிவேளையில் கோட்டைமேட்டுப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

ராவுத்தர் முகம் செத்துப்போயிற்று. “ஆறுச்சாமி, இன்னிக்கு ஜும்மாவாச்சே!”

பத்து நாள் திட்டத்தில் இது எப்படி விட்டுப்போனது? சித்தூரில் வீட்டிலிருந்து பத்தடி வைத்தால் பள்ளிவாசல். நேரமானால் கால் தானாகப் போய்விடும். யோசித்து, ஏற்பாடு செய்து அவர் வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் போனதே இல்லை. அதனால் ஏற்பாட்டில் அது வரவே இல்லை. எனக்காவது உறைத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் மண்டியை மூடிவிட்டுச் சம்பந்தி எங்கே போவார்?

“வெளியூர்க்காரருக்குச் சலுகை உண்டுன்னு நீங்கதானுங்களே ஒருக்காச் சொன்னீங்க” என்றேன்.

“பாங்கு காதுல விழுந்த பொறவு நாணலுக்குள்ள ஒளிஞ்சு உக்காரச் சொல்றியா?” என்று கோபமாக எழுந்தார். கோபம் என் மேல் இல்லை.

கை கால் முகம் கழுவி, கடைசி வரிசையில் நின்று, முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவதாக ஏற்பாடு. நான் செருப்பைக் காத்துக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே நடந்ததை அவர் பிறகு சொன்னார். தொழுகை முடிவில் வலப்பக்கம் திரும்பிச் சலாம் சொன்னார். இடப்பக்கம் திரும்பினார். பக்கத்தில் மஜீத் ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். மண்டியைப் பூட்டிவிட்டு அவரும் தாமதமாகத்தான் வந்திருக்கிறார்.

இருவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். சம்பந்தி காக்கிச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

“எப்ப வந்தீங்க சம்பந்தி?”

‘இப்பத்தான்’ என்று சொல்லச் சொல்லி நான் கண்ணால் கெஞ்சினேன். ராவுத்தர் என் பக்கமே திரும்பவில்லை.

“காலைலயே வந்துட்டனுங்க” என்றார்.

மஜீத் ராவுத்தர் அதற்கு மேல் தெருவில் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு அழைத்துப்போய் முன்னறையில் பாய் விரித்து உட்காரவைத்தார். எங்கள் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்கூட இல்லை. உள்கதவில் தொங்கிய திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. சம்பந்தியம்மா ஐசும்மாவும், அவர் பக்கத்தில் கௌலத்தும்.

“பொறவு இத்தனை நேரம் எங்கீங்க இருந்தீங்க?” என்று ஐசும்மாவின் குரல் வந்தது.

“குளத்துலீங்க. கூழைக்கடா பாக்க வந்தேன். ஊட்டுக்கு வராமப் போயிரலாம்னுதான் வந்தேன். எம்மேலதான் தப்பு. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, அவளை ஒண்ணும் சொல்லிராதீங்க.”

மஜீத் ராவுத்தர் சுவரைப் பார்த்தார்.

“பெத்த புள்ளையக் காட்டியும் கொக்கு ஒசத்தியாப் போச்சுங்களா?” என்றார் ஐசும்மா. குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. அதனால்தான் எங்களால் தலை நிமிர முடியவில்லை. கௌலத்துக்கு நான் பாவாடை தைத்துக் கொடுத்தவன். அந்தப் பெண் அந்த நிமிஷம் திரைக்குப் பின்னால் எப்படி நிற்கிறாளோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவள் பேசினாள்.

“அத்தா, கரையில நின்னாச் சரியாத் தெரியாதுங்க. விடியறப்ப எல்லாம் ஒண்ணா எந்திரிச்சு நம்ம மாடிக்கு மேலதான் பறக்கும். ரெக்கைச் சத்தம்கூடக் கேக்கும். துணி காயப்போடப் போறப்பப் பாப்பேன். ரெண்டு மாசமாப் பாக்கறேன். இங்க யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியலீங்க. நீங்க வந்தாச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன்.”

ராவுத்தர் தோள்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஐம்பது வயது மனிதர் சம்பந்தி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அழுதால் மற்றவர்கள் என்ன செய்வது? மஜீத் ராவுத்தர் எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து ஐசும்மா, “அத்தாவ மாடிக்குக் கூட்டிட்டுப் போம்மா. சோறு ஆவறதுக்கு நேரமிருக்கு” என்றார்.

அப்பனும் மகளும் மாடிக்குப் போனவர்கள் வெகுநேரம் வரவில்லை. பேச்சுச் சத்தம் மட்டும் கீழே கேட்டுக்கொண்டே இருந்தது, பெரும்பாலும் அவள் குரல். சோறு ஆறிப்போயிற்று. ஆள் அனுப்பட்டுமா என்று நான் கேட்டதற்கு, “பேசட்டும் விடுங்க” என்றார் மஜீத் ராவுத்தர்.

திரும்பும்போது பஸ்ஸில், சௌதாவிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். நடந்ததைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அவ எனக்குச் சொல்லோணும்னு ரெண்டு மாசமாக் காத்திருந்திருக்கா. நாம அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு பத்து நாள் திட்டம் போட்டிருக்கோம், ஆறுச்சாமி.”